வெட்டிய பிறகு கத்தி எங்கே நிற்கும்?

இந்தக் கோடை முகாமுக்கான பொருட்பட்டியலைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தபோது கூடாரம், கயிறு, மழை அங்கி, முதலுதவிப் பெட்டி எல்லாம் ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டன. "பத்து அங்குலக் கத்தி 1, மடக்கு வாள் 1" என்ற வரிக்கு வந்ததும் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. "கத்தி காணாதெண்டு வாளுமா, பிள்ளையள்?" என்று ஒரு மாமி கேட்டார். நாங்கள் எழுதியது மரம் அரியும் வாள் என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பயம் போகவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் ரொறன்ரோவில் தமிழ் இளைஞர் குழுக்களுக்கிடையே நடந்த மோதல்களைக் கண்ட தலைமுறை அது. பிள்ளை வீடு வந்து சேரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் இன்று எங்கள் சபையில் அம்மம்மா, அப்பப்பா ஆகிவிட்டார்கள். கத்தி என்றதும் அவர்களுக்குக் காடும் விறகும் நினைவுக்கு வருவதில்லை. எனவே, "சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்" என்று முகாம் பொறுப்பாளர்கள் நாங்கள் நால்வரும் வாக்குக் கொடுத்தோம். எங்களில் இருவர் தாதிகள், ஒருவர் தச்சர், ஒருவர் பல்கலைக்கழக மாணவர். விரும்பிய பெற்றோரும் வந்து பார்க்க, சபை அங்கத்தவர் ஒருவரின் வீட்டு வளவில் இரண்டு சனிக்கிழமைகள் விறகு தறித்தோம், பிளந்தோம். நாங்கள் கண்டதை இங்கே எழுதுகிறோம்.

எதைச் சோதித்தோம்

பெரிய வெட்டுக்கத்தி எங்களுக்குப் புதிய பொருள் அல்ல. ஊரில் மட்டை வெட்டவும் வேலிக் கதியால் தறிக்கவும் கொடுவாக்கத்தி இருந்தது. மலேசியாவில் அதே வேலையைப் பராங் செய்கிறது. நேபாளத்தில் குக்ரி. வட ஐரோப்பாவின் சாமி மக்கள் லெயுக்கு என்ற நீளமான அகன்ற கத்தியால் கிளை வெட்டுகிறார்கள், சுள்ளி பிளக்கிறார்கள். கோடாலியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத இடத்தில் கோடாலிக்கும் சிறு கத்திக்கும் நடுவிலுள்ள வேலையை ஒரே கருவியால் முடிப்பதுதான் எல்லாவற்றின் நோக்கமும்.

நாங்கள் வாங்கிய கத்தியின் அலகு 10 அங்குலம், அதாவது ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். முதுகுப் பக்கத் தடிப்பு 6 மில்லிமீற்றர். உருக்கு 1095 வகை. இந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அதில் ஏறத்தாழ 0.95 சதவீதம் கரி இருப்பதைச் சொல்கின்றன. இத்தகைய உருக்கு நன்றாகக் கூர் பிடிக்கும், கல்லில் எளிதாகத் தீட்டலாம். ஆனால் ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும்.

எங்கள் தச்சர் முதலில் பார்த்தது அலகை அல்ல, பிடியை. அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை முழு அகலத்தில் போகிறதா, அல்லது மெல்லிய வாலாகப் பிடிக்குள் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். ஓங்கி வெட்டும் கத்திக்கு இரும்பு கடைசிவரை போகவேண்டும். இல்லாவிட்டால் பிடியும் அலகும் சேருமிடத்தில் ஒருநாள் முறியும். மரம் வெட்டும்போது இரும்பு காம்பைவிட்டுக் கழன்று பக்கத்தில் நின்றவன்மேல் பட்டால் என்ன செய்வது என்பதற்கு உபாகமம் 19ஆம் அதிகாரம் ஒரு சட்டமே சொல்கிறது. அடைக்கலப் பட்டணங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு அங்கே தரப்படும் உதாரணம் ஒரு விறகுவெட்டிதான். கருவி பிரிந்து பறப்பது அவ்வளவு பழைய ஆபத்து.

ஒப்பிடுவதற்கு ஒரு கைக்கோடாலியையும் பட்டியலிலிருந்த மடக்கு வாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

முதற் சோதனை: தறித்தல்

தறிப்பது என்றால் மரத்தை நாருக்குக் குறுக்கே வெட்டுவது. மரம் நீளவாட்டில் அடுக்கிய குழாய்க் கட்டுகளைப் போன்றது. குறுக்கே வெட்டும்போது ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும். அதனால் நேர்க்குத்தாக வெட்டினால் கத்தி இறுகிக்கொள்ளும். ஒருமுறை வலப்பக்கச் சாய்வாகவும் மறுமுறை இடப்பக்கச் சாய்வாகவும் வெட்டி, பள்ளத்தை அகலப்படுத்திக்கொண்டே போகவேண்டும். பள்ளத்தின் வாய் ஏறத்தாழ மரத்தின் தடிப்பளவு அகலமாக இருந்தால்தான் அடிவரை போகலாம்.

மணிக்கட்டுத் தடிப்பான காய்ந்த சீடர் கிளை எட்டு வெட்டில் இரண்டாயிற்று. பார்த்துக்கொண்டிருந்த தம்பிமார் கைதட்டினார்கள். அடுத்து நான்கு அங்குலத் தடிப்புள்ள பேர்ச் குற்றி. கத்திக்கு 64 வெட்டுகள் தேவைப்பட்டன. கைக்கோடாலி அதே தடிப்பை 41 வெட்டில் முடித்தது. கோடாலியின் பாரம் முழுவதும் காம்பின் நுனியில் இருப்பதால் ஒவ்வொரு வீச்சும் ஆழமாக இறங்குகிறது. கத்தியின் பாரமோ பிடியிலிருந்து நுனிவரை பரந்து கிடக்கிறது. கடைசியாக வாளை எடுத்தோம். ஒரு நிமிடத்துக்குள் குற்றி இரண்டாக விழுந்தது. வியர்வையும் இல்லை, வீச்சும் இல்லை.

எண்களைவிட முக்கியமான ஒன்றை அப்போது கவனித்தோம். நாற்பதாவது வெட்டுக்குப் பிறகு, குறி வைத்த இடத்தில் கத்தி விழவில்லை. வெட்டியவர் பலசாலிதான். ஆனால் விரல்கள் களைத்துப் பிடி தளர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேர வேலை செய்யும் எங்களுக்கு இது தெரிந்த விஷயம். மருந்தின் அளவை இரண்டாந் தடவை சரிபார்க்கும் கவனம் எந்த மணித்தியாலத்தில் குறையும் என்று எங்களுக்குத் தெரியும். வெட்டும் கைக்கும் அப்படி ஒரு கடைசி மணித்தியாலம் உண்டு. அது நாற்பதாவது வெட்டிலேயே வந்துவிடுகிறது.

இரண்டாவது சோதனை: பிளத்தல்

பிளப்பது வேறு கதை. இங்கே நாரை அறுப்பதில்லை, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் நார்களைப் பிரிக்கிறோம். கத்தி இங்கே ஒரு மெல்லிய ஆப்பு.

குற்றியை ஒரு அடிக்கட்டையின்மேல் நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் கத்தியின் வாயைப் பொருத்தி, இன்னொரு தடிப்பான கொட்டனால் கத்தியின் முதுகில் தட்ட வேண்டும். அலகு மரத்துக்குள் இறங்கியதும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிப்பக்கத்தைத் தட்டத் தட்ட மரம் கீழ்வரை பிளக்கும். நுனி வெளியே நீட்டாவிட்டால் தட்டுவதற்கு இடமில்லை. ஆகவே குற்றியின் தடிப்பு அலகின் நீளத்தைவிட இரண்டு மூன்று அங்குலமாவது குறைவாக இருக்கவேண்டும். எங்கள் பத்து அங்குலக் கத்திக்கு ஆறு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

கணு இல்லாத சீடர் நான்கைந்து தட்டில் பிரிந்தது. பேர்ச்சும் நன்றாகப் பிளந்தது. மேப்பிளில் கொஞ்சம் வேலை இருந்தது. கணுவுள்ள குற்றி ஒன்றில் கத்தி நடுவில் இறுகி நின்றுவிட்டது. இப்படி நேர்ந்தால் பிடியைப் பிடித்து முறுக்கக் கூடாது, வாய்ப்பக்கம் வளையும் அல்லது உடையும். பிளந்த சிறு துண்டொன்றை ஆப்பாகச் சீவி, வெடிப்பில் வைத்து அடித்தோம். வெடிப்பு அகன்றதும் கத்தி தானாகக் கழன்றது. கணுவைக் கண்டால் அந்தக் குற்றியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுப்பதே புத்தி. கடும் உறைபனிக் காலத்தில் இந்தத் தட்டு வேலையே வேண்டாம், குளிரில் கடின உருக்கின் வாய் எளிதில் உதிரும்.

இந்தச் சோதனைதான் எங்கள் எண்ணத்தை மாற்றியது. தறிக்கும்போது கத்தி காற்றில் பறக்கிறது. பிளக்கும்போது கத்தியின் கூர் முதலிலேயே மரத்தில் அமர்ந்துவிடுகிறது. அசைவது கொட்டன் மட்டுமே. கொட்டன் குறி தவறினால் விரல் நசுங்கலாம், நகம் கறுக்கலாம். கத்தி குறி தவறினால் நடப்பது வேறு. ஒரு கையால் சிறு விறகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோடாலியை ஓங்குவதைவிட, கத்தியை வைத்துத் தட்டிச் சுள்ளி பிளப்பது பாதுகாப்பானது என்பதைக் கண்ணால் கண்டோம். பார்க்கப் பயங்கரமான கருவி, முறையாகப் பிடித்தால் இந்த வேலைக்கு அமைதியான கருவி.

விறகை ஏன் பிளக்க வேண்டும்?

"கடையில விறகு வாங்கலாம்தானே?" என்று ஒரு தங்கை கேட்டா. வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். 2002இல் வின்சர் பகுதியில் முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற வண்டு ஒன்று ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைக் கூட்டங்கூட்டமாக அழித்துவிட்டது. விறகோடு அது ஊர்விட்டு ஊர் போகிறது. அதனால் ஸ்காபரோவிலிருந்து விறகு ஏற்றிச் செல்லாமல், முகாம் இடத்துக்கு அருகிலேயே வாங்குவது எங்கள் கடமை. மாகாணப் பூங்காக்களில் மரங்களை வெட்டுவதும் சேதப்படுத்துவதும் தடை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் வாங்கும் விறகு பெரும்பாலும் கைத்தடிப்புக்கு மேலான துண்டுகள். அவற்றில் நெருப்புக்குச்சியை வைத்தால் தீப்பிடிக்காது. இரவு மழை பெய்தால் மேற்பரப்பும் நனைந்திருக்கும். நன்றாகக் காய்ந்த விறகின் மேலே பெய்த மழை உள்ளே வெகுதூரம் போவதில்லை. பிளந்தால் காய்ந்த நடுப்பகுதி கிடைக்கும். அதையும் பிளந்து பென்சில் தடிப்புச் சுள்ளியாக்கினால் ஈரநாளிலும் தீ எழும்பும். பேர்ச் பட்டையில் எண்ணெய்த் தன்மை உண்டு. வாங்கிய விறகிலிருந்து உரிந்த பட்டைத் துண்டு ஈரமாயிருந்தாலும் பற்றும்.

படகு கவிழ்ந்து ஒரு பிள்ளை ஏரித்தண்ணீரில் நனைந்து வந்தால், இது சமையல் பிரச்சினையாக இராது. உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உடல் குளிர்ந்துபோகும் ஆபத்து நிலை தொடங்குகிறது. முதலில் ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த உடுப்பும் போர்வையும் கொடுங்கள். பிறகு சூடு. பிள்ளை நடுங்குவது நல்ல அடையாளம், உடல் இன்னும் போராடுகிறது. நடுக்கம் நின்று பேச்சுக் குழறத் தொடங்கினால் அது அவசர நிலை. அந்த நேரத்தில் ஐந்து நிமிடத்தில் தீ மூட்டத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய காரியம்.

மழுங்கிய இரும்பு

முதல் சனிக்கிழமை முடிவில் கத்தியின் வாயைத் தீட்டாமல் விட்டு, அடுத்த சனிக்கிழமை அதே சீடர் கிளையில் அடித்துப் பார்த்தோம். எட்டு வெட்டில் முடிந்த வேலைக்குப் பதின்மூன்று ஆயிற்று. இரண்டு வெட்டுகள் மரத்தில் இறங்காமல் வழுக்கிப் பக்கத்துக்குப் போயின. கல்லில் தீட்டிய பிறகு மறுபடியும் எட்டு.

பிரசங்கி 10ஆம் அதிகாரத்தில் விறகு பிளப்பவனுக்கு வரும் ஆபத்தும் மழுங்கிய இரும்பும் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன. பலமுறை கேட்ட வசனங்கள்தான். ஆனால் அவை ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பது அந்தக் கத்தி வழுக்கியபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. கூர் குறைந்த கருவிக்குப் பலம் கூடத் தேவை. பலம் கூடும்போது கட்டுப்பாடு குறைகிறது. கூர்மையான கத்திதான் பயப்பட வேண்டியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். உண்மையில் மழுங்கிய கத்திக்குத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

தாதிகளின் கேள்வி

கத்தியைச் சோதிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, எவ்வளவு வெட்டுகிறது என்று. நாங்கள் ஒவ்வொரு வெட்டுக்கும் இன்னொரு கேள்வியைக் கேட்டோம்: மரத்தைத் தாண்டிப் போனால், அல்லது மரத்தில் படாமலே போனால், இந்தக் கத்தி எங்கே நிற்கும்?

உட்கார்ந்து மடிக்கு முன்னால் வெட்டினால் பதில், தொடை. தொடையின் உட்பக்கத்தில், கவட்டிலிருந்து முழங்கால் நோக்கி, பெரிய நாடி ஒன்று ஓடுகிறது. அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். அம்புலன்ஸ் வந்து சேர அந்த நேரம் போதாது. அல்கோன்குவின் பூங்காவின் உட்பகுதிகளில் பல இடங்களில் கைப்பேசியே வேலை செய்யாது. எனவே இரு முழங்கால்களுக்கும் கவட்டுக்கும் இடைப்பட்ட அந்த முக்கோணத்தில் ஒருபோதும் கத்தி வேலை செய்யக் கூடாது. முழங்காலில் நின்று, அடிக்கட்டையை முன்னால் வைத்து, மரத்தைக் கட்டையின் தொலைவான பக்கத்தில் வைத்தால், தவறிய கத்தி கட்டையிலோ மண்ணிலோ போய் நிற்கும். நின்றுகொண்டு தாழ்வான மரத்தை வெட்டினால் அது முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ வரும்.

மணிக்கட்டில் மாட்டும் கயிற்று வளையத்தைக் கழற்றிவிட்டோம். கை வழுக்கினால் கத்தி விழட்டும். வளையத்தில் தொங்கிச் சுழன்று எங்களிடமே திரும்பி வருவதைவிட, மண்ணில் விழுவது நல்லது.

காயம் பட்டால்

சுத்தமான துணியை நேரே காயத்தின்மேல் வைத்துப் பலமாக அழுத்துங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் குழம்பிவிடும். கோப்பித்தூள், மஞ்சள், சீனி எதையும் காயத்தில் போடாதீர்கள். ஊரில் போட்டோம் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கழுவி எடுக்கும் வேலை அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களைப் போன்றவர்களுக்கு வருகிறது, வலி பிள்ளைக்கு.

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு வந்து அழுத்தத்துக்கு நிற்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டின்மேல் வராதபடி, இரத்தத்தடைப் பட்டியைக் கட்டி, இரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதுங்கள். வைத்தியசாலை போகும்வரை தளர்த்த வேண்டாம். 911ஐ அழைக்கும் வேலையை ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள். "யாராவது எடுங்கோ" என்றால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

சிறிய வெட்டுகளிலும் ஏமாற வேண்டாம். விரலில் ஆழமில்லாத வெட்டுகூடத் தசைநாரைத் தொடலாம். இரத்தம் நின்றபின், விரலை மடக்கி நிமிர்த்த முடிகிறதா, நுனியில் தொடுவது தெரிகிறதா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும்.

எங்கள் முடிவு

கத்தி முகாமுக்கு வரும், பிளப்பதற்காக. தறிப்பதற்கு வாள். பெரியவர்கள்கூட அவசியமில்லாமல் ஓங்கி வெட்டுவதில்லை. பெற்றோரும் போதகரும் இந்த ஒழுங்குகளோடு சம்மதித்திருக்கிறார்கள்:

1. பதினாறு வயது நிறைந்தவர்கள், பயிற்சிக்கு வந்தவர்கள் மட்டும், ஒரு பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கக் கத்தியைத் தொடலாம்.

2. கத்தி பிடித்தவர் கையை நீட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் ஒருவரும் வரக்கூடாது.

3. கைமாற்றும்போது வாங்குபவர் "எடுத்திட்டன்" என்று வாயால் சொல்லும்வரை கொடுப்பவர் விடக்கூடாது. மருத்துவமனையில் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான்.

4. இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவர் வேலை செய்வதில்லை. கை குளிர்ந்தால், களைத்தால், பகிடி தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும்.

5. இருட்டிய பிறகு கத்தி உறைக்குள். துடைத்து, எண்ணெய் பூசி, பொறுப்பாளரின் பெட்டியில் பூட்டு.

6. முகாம் இடத்துக்கு வெளியே ஒருவரும் கத்தியோடு நடமாடுவதில்லை. கனடாவின் குற்றவியல் சட்டம் சாதாரண நிலை அலகுக் கத்திக்கு நீள எல்லை வைக்கவில்லை. ஆனால் எந்த நோக்கத்தோடு வைத்திருக்கிறோம், ஆயுதமாக மறைத்துக் கொண்டு போகிறோமா என்பதைச் சட்டம் கேட்கும். போகும்போதும் வரும்போதும் கத்தி உறையில், காரின் பின்பெட்டியில், முகாம் பொருட்களோடு இருக்கும்.

இந்த ஒழுங்குகளைப் பார்த்து, "ஒரு கத்திக்கு இவ்வளவா?" என்று தம்பிமார் சிலர் கேட்டார்கள். ஆம், இவ்வளவும்தான். எங்கள் பெற்றோரின் தலைமுறை கண்டது, கத்தி எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் யோசிக்காத கைகளை. நீங்கள் அதை யோசித்துப் பழகிய கைகளாக இருந்தால், அந்த மாமியும் உங்கள் நெருப்பில் தேநீர் குடிக்க வருவார்.

பயிற்சி நாள் ஆலய அறிவித்தல் பலகையில் போடப்படும். மூடிய சப்பாத்தும் ஒரு சோடித் தோல் கையுறையும் கொண்டுவாருங்கள். ரெட்டனஸ் என்னும் ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை அது தேவை. கேட்கும்போது, அம்மாவுடைய ஊசி எப்போது போட்டது என்றும் கேளுங்கள்.